கப்பலேறிய ரப்பரும் கணக்கில் வராத கைகளும்

1952-ஆம் ஆண்டு, டிசம்பர்த் திங்கள் 18-ஆம் நாள். பீகிங் நகரில் ஒரு மேசை. மேசைக்கு இந்தப் பக்கம் இலங்கை. அந்தப் பக்கம் செஞ்சீனம். இலங்கையை அன்று ஆண்டது, கம்யூனிசம் என்ற சொல்லைக் கேட்டாலே முகஞ்சுளிக்கும் ஐக்கிய தேசியக் கட்சி. சீனத்தை ஆண்டது மாவோவின் கம்யூனிஸ்டுக் கட்சி. ஒருவர் தலைநகரில் மற்றவருக்குத் தூதர் கிடையாது, தூதரகம் கிடையாது. அவையெல்லாம் 1957-ல்தான் வந்தன. ஆயினும் கையெழுத்து விழுந்தது! ஆண்டுதோறும் இலங்கையிலிருந்து சீனத்துக்கு 50,000 டன் ரப்பர். ஆண்டுதோறும் சீனத்திலிருந்து இலங்கைக்கு 2,70,000 டன் அரிசி. ஐந்தாண்டுகளுக்கு இந்த ஏற்பாடு.

பூனையும் எலியும் ஒரே பானையில் உண்டது எப்படி? வியப்பாக இருக்கிறதல்லவா? பசி வந்தால் எல்லாம் நடக்கும், தோழர்களே!

ரப்பர்–அரிசி ஒப்பந்தம் என்று வரலாற்றில் பெயர் பெற்றுவிட்ட இந்தக் கதையை இன்று நாம் எடுப்பதற்குக் காரணம் உண்டு. எழுபது ஆண்டுகள் கழித்து, அதே தீவு மீண்டும் ஒருமுறை கையேந்தி நின்றது. மீண்டும் சரக்குக்குச் சரக்கு என்று பேச்சு எழுந்தது. மீண்டும் ஒரு கரையிலிருந்து அரிசிக் கப்பல் புறப்பட்டது. இம்முறை அந்தக் கரை நம்முடையது. எல்லை தாண்டும் சரக்குக்கு அரசாங்கங்கள் ஒன்றுகூடிக் கணக்கு எழுதும்போது யாரைக் கணக்கில் சேர்க்கிறார்கள், யாரை விட்டுவிடுகிறார்கள்? அதைத்தான் கேட்க விரும்புகிறோம்.

முதலில் அந்தப் பசியின் கதை.

1950-ல் கொரியாவில் போர் மூண்டது. போர் என்றால் லாரிக்குச் சக்கரம் வேண்டும், சக்கரத்துக்கு ரப்பர் வேண்டும். ரப்பர் விலை வானுக்கு ஏறிற்று. தோட்ட முதலாளிகள் முகத்தில் முழுநிலவு! ஆனால் 1952-க்குள் அந்த நிலவு தேய்ந்துவிட்டது. ரப்பர் விலை சரிந்தது. அதே வேளையில் அரிசி விலை ஏறியது. இலங்கையோ தான் உண்ணும் அரிசியில் பெரும்பங்கை வெளியில் வாங்கும் நாடு. தேயிலை, ரப்பர், தேங்காய் மூன்றையும் விற்றுச் சோறு வாங்கிய நாடு. விற்பது மலிந்து, வாங்குவது ஏறினால் என்ன ஆகும்? இதைப் புரிந்துகொள்ளக் கல்லூரிப் பட்டம் வேண்டியதில்லை. சந்தையில் கீரைக்கட்டு விற்றுக் கருவாடு வாங்கித் திரும்பும் கிழவியைக் கேட்டால் சொல்லிவிடுவாள்.

இலங்கைச் சர்க்கார் முதலில் ஓடியது வாஷிங்டனுக்குத்தான். "எங்கள் ரப்பரை நல்ல விலைக்கு வாங்குங்கள், எங்களுக்கு அரிசி கொடுங்கள்" என்று கேட்டது. அமெரிக்காவிடம் அரிசி இருந்தது. ஆனால் போர்க்காலத்தில் ஆலையிலேயே ரப்பர் செய்யக் கற்றுக்கொண்ட நாடு அது. மரத்து ரப்பருக்கு அதிக விலை கொடுக்க அதற்கென்ன தலையெழுத்து? கிடைத்த பதில் இலங்கையின் வயிற்றை நிரப்பவில்லை. விலையும் தரமாட்டோம், ஆனால் சீனத்துக்கு மட்டும் விற்காதீர்கள்! வல்லரசுகளின் நட்பு பல நேரங்களில் இப்படித்தான் இருக்கிறது. தானும் உண்ணாது, பிறரையும் உண்ண விடாது.

சீனத்துக்குப் போர்த்தளவாடப் பொருள்களை விற்கலாகாது என்று 1951 மே மாதத்தில் ஐக்கிய நாடுகள் மன்றம் தடைத் தீர்மானம் போட்டிருந்தது. ரப்பரும் அந்த வகையைச் சேர்ந்ததே. ஆனால் இலங்கை அன்று அந்த மன்றத்தில் உறுப்பு நாடு அன்று! மனுப் போட்டும் 1955 டிசம்பர் வரை அதற்கு இடம் கிடைக்கவில்லை. காரணம், சோவியத்து நாட்டின் மறுப்பு வாக்கு. கம்யூனிஸ்டு வல்லரசு ஒன்று சாத்திய கதவு, கம்யூனிஸ்டு நாடு இன்னொன்றுக்கு ரப்பர் விற்கச் சன்னல் திறந்துவிட்டது. நாடகாசிரியர்கள் கூட இப்படியொரு காட்சியை எழுதத் துணியமாட்டார்கள்.

வாணிப அமைச்சர் ஆர். ஜி. சேனநாயகா உறுதியாக நின்றார். நிதியமைச்சர் ஜே. ஆர். ஜெயவர்த்தனாவுக்கு இது பிடிக்கவில்லை. பிடித்தாலென்ன, பிடிக்காவிட்டாலென்ன? சீனம் சிங்கப்பூர்ச் சந்தை விலைக்கு மேல் ரப்பருக்குத் தர முன்வந்தது; அரிசியையும் உலகச் சந்தையைவிட மலிவாகக் கொடுத்தது. அதற்குப் பிறகு கொள்கைப் பேச்சு எங்கே நிற்கும்? அமெரிக்கா கோபித்துக்கொண்டது. செஞ்சீனத்துக்கு இப்படிப்பட்ட பொருள்களை விற்கும் நாட்டுக்கு உதவி இல்லை என்று அங்கே 1951-லேயே சட்டம் இருந்தது. அதைக் காட்டிப் பொருளுதவியை நிறுத்தி வைத்தது. 1956 வரை அந்த முகம் திரும்பவில்லை. இலங்கை அசைந்து கொடுக்கவில்லை. இடையில் பிரதமரான சர் ஜான் கொத்தலாவலை, 1955-ல் பாண்டுங் மாநாட்டில் கம்யூனிஸ்டு ஆதிக்கத்தைச் சாடிப் பேசியவர். பேசிவிட்டு ஊர் திரும்பிய அவரும் இந்த ஒப்பந்தத்தை மட்டும் தொடவில்லை. மேடையில் சீற்றம், துறைமுகத்தில் சீன அரிசி!

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. இத்தனை மூட்டை அரிசிக்கு இத்தனை ரப்பர்த் தகடு என்று கிராமத்துப் பண்டமாற்றுப் போல் இது நடக்கவில்லை. ஆண்டுக்கு ஒருமுறை இரு தரப்பும் உட்கார்ந்து விலை பேசும். இரு நாட்டு வங்கிகளிலும் கணக்கு வைத்து, போன ரப்பரின் மதிப்பையும் வந்த அரிசியின் மதிப்பையும் எழுதிக் கழித்துக்கொள்வார்கள். டாலருக்காக யார் வாசலிலும் நிற்க வேண்டியதில்லை. சந்தைக்காரன் நாளுக்கு நாள் விலையை ஆட்டிவைப்பதற்குப் பதிலாக, அரசாங்கமும் அரசாங்கமும் ஆண்டுக்கு முன்பே பேசி முடிவு செய்துகொண்டன. 1957-ல் ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டபோது ரப்பருக்குக் கூடுதல் விலை போயிற்று. அதற்கு மாற்றாகப் பழைய மரங்களை வெட்டிப் புது மரம் நட உதவித்தொகை வந்தது. மீண்டும் மீண்டும் புதுப்பிக்கப்பட்டு, ஏறத்தாழ முப்பது ஆண்டுக் காலம் இந்த ஏற்பாடு நிலைத்தது.

சிறிய நாடு ஒன்று, இரு வல்லரசுகள் முட்டிக்கொண்ட நேரத்தில், தன் குடிமக்களின் சோற்றுத் தட்டை முன்னால் வைத்துப் பேரம் பேசியது. அதை நாம் மனமாரப் பாராட்டுகிறோம். "வாணிபத்தில் அரசாங்கம் தலையிடலாகாது" என்று உபதேசம் செய்யும் மேதாவிகள் இந்த ஏட்டைப் புரட்டிப் பார்க்கட்டும். 1952-ல் சந்தை இலங்கைக்குத் தந்தது பட்டினி. அரசாங்கம் தந்தது அரிசி.

ஆனால்... நம் பாராட்டு இங்கே ஒரு முறை இடறுகிறது.

அரிசி வந்தது சரி. யாருக்கு, என்ன விலைக்கு? ஒப்பந்தத்தின் மை உலர்ந்து எட்டுத் திங்கள்கூட ஆகவில்லை. 1953 வரவு–செலவுத் திட்டத்தில் பங்கீட்டு அரிசியின் விலை கொத்துக்கு 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டது. பள்ளிப் பிள்ளைகளின் பகலுணவும் பறிபோயிற்று. மக்கள் பொறுப்பார்களா? ஆகஸ்டு 12-ஆம் நாள் ஹர்த்தால்! கடை இல்லை, ரயில் இல்லை, வேலை இல்லை. துப்பாக்கி பேசியது, உயிர்கள் விழுந்தன. அமைச்சர்கள் எங்கே கூடினார்கள் தெரியுமா? கொழும்புத் துறைமுகத்தில் நின்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலில்! சீனத்து அரிசி இறங்கிய அதே துறைமுகத்தில், அரிசி விலை கேட்டு எழுந்த மக்களுக்கு அஞ்சி, அந்நியன் கப்பலில் ஏறி அமைச்சரவை கூட்டம் போட்டது. அக்டோபரில் பிரதமர் டட்லி சேனநாயகா பதவி விலகினார். கடலைத் தாண்டி அரிசி கொண்டுவந்துவிட்டால் போதுமென்று நினைத்தார்கள். கப்பலுக்கும் அடுப்புக்கும் இடையில் இருக்கும் தூரம் அவர்களுக்குத் தெரியவில்லை.

அரிசியின் பக்கம் இப்படி. ரப்பரின் பக்கம்?

பால் வெட்டும் தொழிலாளியின் நாளை நினைத்துப் பாருங்கள். கருக்கலில் எழ வேண்டும். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறையும். லயத்திலிருந்து இறங்கி, பிரட்டுக் களத்தில் நின்று, பெயர் கொடுத்துவிட்டு, கத்தியும் வாளியுமாக மலைச்சரிவில் மரம் மரமாகப் போக வேண்டும். பட்டையில் சாய்வாக ஒரு கீற்று. ஆழம் குறைந்தால் பால் வராது. கொஞ்சம் மிஞ்சினால் மரம் புண்ணாகும், கங்காணி வாயில் வசை வரும். சிரட்டையில் சொட்டுச் சொட்டாக விழும் வெள்ளைப் பாலை மறுபடி அத்தனை மரத்துக்கும் நடந்து வாளியில் சேர்த்து, கொட்டகைக்குச் சுமந்து, அமிலம் ஊற்றி உறைய வைத்து, உருளையில் கொடுத்துத் தகடாக்கிப் புகையறையில் தொங்கவிட வேண்டும். மழை வந்தால் வெட்டு இல்லை. வெட்டு இல்லையென்றால் 'பேர்' இல்லை. பேர் என்றால் என்ன என்கிறீர்களா? அன்றைய கூலிதான். கணக்குப் புத்தகத்தில் பெயருக்கு நேரே போடும் குறியைத் தோட்டத் தமிழில் அப்படிச் சொல்வார்கள். வேலை குறைந்தால் அரைப் பேர். மனிதனுக்குப் பாதிப் பெயர் வைக்கும் ஊர் உலகில் வேறெங்கே இருக்கிறது!

அந்தத் தகடுகள்தான் ஆண்டுக்கு 50,000 டன் கப்பலேறின. களுத்துறை, கேகாலை, இரத்தினபுரிப் பக்கத்துத் தோட்டங்களில் பால் வெட்டியவர்களில் சிங்களத் தொழிலாளிகள் உண்டு. திருச்சியிலிருந்தும் தஞ்சையிலிருந்தும் இராமநாதபுரத்திலிருந்தும் சேலத்திலிருந்தும் பஞ்சம் பிழைக்கக் கடல் கடந்த தமிழனின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் உண்டு. சீனம் கொடுத்த கூடுதல் விலையில் தோட்ட முதலாளிக்கு ஒரு பங்கு, ஏற்றுமதி வரியாகச் சர்க்காருக்கு ஒரு பங்கு. பால் வெட்டிய கைக்கு?

கேட்கலாமென்றால் கேட்கும் வாயையும் முன்கூட்டியே அடைத்துவிட்டார்கள். 1948-ல் குடியுரிமைச் சட்டம் வந்தது. அதற்கடுத்த ஆண்டில் தேர்தல் சட்டத் திருத்தம் வந்தது. 1947 தேர்தலில் இலங்கை இந்தியர் காங்கிரசின் சார்பில் 7 பேரைச் சட்டமன்றத்துக்கு அனுப்பிய மலையகத் தோட்ட மக்கள், 1952 தேர்தலில் வாக்குச் சீட்டு இல்லாதவர்கள் ஆனார்கள். சத்தியாக்கிரகம் செய்தார்கள், சட்டம் இளகவில்லை. அதே 1952-ல்தான் பீகிங் மேசையில் கையெழுத்து விழுந்தது. அதாவது, எந்தச் சரக்கை விலை பேசி நாடு சோறு வாங்கியதோ, அந்தச் சரக்கை மரத்திலிருந்து இறக்கியவர்களில் பல்லாயிரவர் அந்த நாட்டின் குடிமகன் என்ற பெயருக்கே உரியவர் அல்லர்! ரப்பருக்குக் கடல் கடக்க அனுமதிச் சீட்டு உண்டு. ரப்பர் எடுத்தவனுக்கு நின்ற இடத்தில் நிற்கவே சீட்டு இல்லை.

கதை இதோடு முடிந்திருந்தால் ஒரு பெருமூச்சோடு விட்டிருப்போம். முடியவில்லை.

1964 அக்டோபர் 30. இப்போது மேசை டில்லியில். இந்தப் பக்கம் லால் பகதூர் சாஸ்திரி. அந்தப் பக்கம் சிறிமாவோ பண்டாரநாயகா. மேசைமேல் ரப்பர் இல்லை, அரிசி இல்லை. இருந்தவை 9,75,000 உயிர்கள். இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, மிச்சமுள்ள 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம். 1974-ல் பேசினார்கள், ஆளுக்கு 75,000 என்று சரிபாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். பாகப்பிரிவினையில் அண்டா குண்டாவைப் பிரிப்பதுபோல!

அதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. இந்தியாவுக்கு 7 பேர் போனால் இலங்கையில் 4 பேருக்குக் குடியுரிமை. அந்த விகிதத்தில் இரண்டும் ஒன்றையொன்று தொடர்ந்து நடக்க வேண்டும் என்று எழுதிக்கொண்டார்கள். ஏழுக்கு நான்கு! ரப்பருக்கும் அரிசிக்கும் ஆண்டுக்கு ஒருமுறை விலை பேசிய சர்க்கார், மனிதனுக்குப் பதினைந்தாண்டுக்குச் சேர்த்து ஒரே விலை பேசி முடித்தது. லயத்து வாசலில் நின்ற தாயைக் கேட்டார்களா? அவள் மகன் அந்த ஏழில் ஒருவனா, நான்கில் ஒருவனா? அவளுக்குத் தெரியாது. மூத்தவன் ஏழில் விழுவான், இளையவன் நான்கில் விழுவான், நடுவே கடல்.

இராமானுஜம் கப்பலில் தலைமன்னாரிலிருந்து இராமேசுவரம் வந்து இறங்கியவர்களை நாம் அறிவோம். மண்டபம் முகாமில் தகரப் பெட்டியோடு உட்கார்ந்திருந்தவர்கள் நம் நினைவில் இருக்கிறார்கள். "தாயகம் திரும்பியோர்" என்று ஏட்டில் எழுதினார்கள். அவர்களில் எத்தனையோ பேர் அதுவரை கண்ணால் பார்த்திராத தாயகம்! அவர்களுக்காக நீலகிரியில் 1968-ல் அரசுத் தேயிலைத் தோட்டம் எழுந்தது. குமரி மாவட்டத்து அரசு ரப்பர்த் தோட்டங்களிலும் வேலை தரப்பட்டது. அங்கே களுத்துறையில் பால் வெட்டிய கை, இங்கே கீரிப்பாறையில் கத்தி பிடித்தது. மரம் அதே மரம், சிரட்டை அதே சிரட்டை. மேசையில் உட்கார்ந்தவர்கள் மட்டும் மாறிக்கொண்டே இருந்தார்கள். இலங்கையிலேயே தங்கியவர்களில் நாடற்றோராய் நின்ற மிச்சப் பேருக்கு 1988-லும் 2003-லும் வந்த சட்டங்கள்தாம் கதவைத் திறந்தன. ஐம்பத்தைந்து ஆண்டுகள்! ஒரு மனிதன் பிறந்து, உழைத்து, பேரன் எடுக்கிற காலம்.

இனி நம் காலத்துக்கு வருவோம்.

2021 டிசம்பரில் இலங்கையின் கையில் டாலர் தீர்ந்துகொண்டிருந்தது. ஈரானுக்கு எண்ணெய்க் கடன் 25 கோடியே 10 லட்சம் டாலர் பாக்கி. பணம் இல்லை; தேயிலை இருக்கிறது. மாதத்துக்கு 50 லட்சம் டாலர் மதிப்புள்ள தேயிலை அனுப்பிக் கடனைக் கழித்துக்கொள்வது என்று உடன்பாடு ஆயிற்று. ஈரான்மீது அமெரிக்கத் தடை இருந்தது. ஆயினும் தேயிலை உணவுப்பொருள் என்று சொல்லி வழி கண்டார்கள். ரப்பர்–அரிசிக்குப் பிறந்த பேரப்பிள்ளை என்றே இதைச் சொல்லலாம். நாடு கடனில் மூழ்கும்போது கைகொடுத்தது மீண்டும் மலைச்சரிவுதான்! அந்த மலைச்சரிவில் கூடை சுமக்கும் பெண்ணுக்கு, நெடுநாள் போராட்டத்துக்குப் பிறகு, அந்த ஆண்டு மார்ச்சில்தான் நாளுக்கு 1,000 ரூபாய் என்று அரசிதழில் ஏறியிருந்தது. இலங்கை ரூபாய், அதுவும் அடுத்த ஆண்டே விலைவாசி வெள்ளத்தில் கரைந்துபோன ரூபாய். தெஹ்ரானுக்கும் கொழும்புக்கும் இடையே எண்ணெயும் தேயிலையும் நிறுக்கப்பட்ட தராசில் அவள் பறித்த கொழுந்து ஏறியது. அவள் கூலி ஏறவில்லை.

2022-ல் தீவு முழுதும் அடுப்பணைந்தது. பால் மாவுக்கு வரிசை, மருந்துக்கு வரிசை, மண்ணெண்ணெய்க்கு வரிசை. இந்தக் கரையில் நம் கழக அரசு. தனுஷ்கோடி முனையிலிருந்து தலைமன்னார் சுமார் 18 மைல். பக்கத்து வீட்டில் குழந்தை அழுதால் இந்த வீட்டில் யாருக்குச் சோறு இறங்கும்? மார்ச்சு 31-ஆம் நாள் தமிழ்நாட்டு முதலமைச்சர் டில்லியில் பிரதமரைச் சந்தித்து, வடக்கு, கிழக்கு, மலையகத் தமிழருக்குப் பொருள் அனுப்ப அனுமதி கேட்டார். பின்னர், தமிழர் என்றும் சிங்களவர் என்றும் பாராமல் தீவு மக்கள் அனைவருக்கும் அனுப்புவது என்று முடிவாயிற்று. பசிக்கு மொழி ஏது? ஏப்ரல் 29-ல் சட்டமன்றம் ஒருமனதாகத் தீர்மானம் போட்டது. 40,000 டன் அரிசி, 500 டன் பால் பவுடர், உயிர்காக்கும் மருந்துகள். மொத்தம் 123 கோடி ரூபாய்.

தீர்மானத்தின் சாரம் என்ன? "அனுப்புகிறோம்" என்பது அன்று. "அனுப்ப அனுமதியுங்கள்" என்பதே! அரசியல் சட்டத்தின் ஏழாவது அட்டவணையைத் திறந்து பாருங்கள். முதற்பட்டியல், 41-ஆம் இனம்: அயல்நாட்டு வாணிபம், ஏற்றுமதி, இறக்குமதி எல்லாம் ஒன்றிய அரசின் கையில். 14-ஆம் இனம்: அயல்நாட்டு ஒப்பந்தங்களும் அவர்கள் கையில். அரிசி விளைந்தது காவிரிக் கரையில். மூட்டை தூக்கியது நம் தொழிலாளி தோள். பணம் நம் மாநிலக் கருவூலம். ஆனாலும் 18 மைல் அப்பாலுள்ள பசிக்கு ஒரு பிடி அரிசி போட, ஆயிரத்துக்கு மேற்பட்ட மைல் தொலைவிலுள்ள மேசையில் அனுமதி வேண்டும். 1964-ல் 5,25,000 பேரைத் தமிழகத்தின் வாசலை நோக்கி அனுப்ப உடன்பாடு எழுதப்பட்டபோது கையெழுத்திட்டதும் இதே டில்லிதான். மனிதரை வரவழைக்க ஒரு கையெழுத்து. அரிசியை அனுப்பிவைக்க ஒரு கையெழுத்து. இரண்டும் அங்கேயே!

வெளிநாட்டு உறவை மாநிலத்துக்கு மாநிலம் தனித்தனியே நடத்த வேண்டும் என்று நாம் கேட்கவில்லை. அப்படித் திரித்துச் சொல்லக் காத்திருப்பவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம். இந்தக் கடலின் மேல் ஒப்பந்தம் எழுதும்போது, அது மீனைப் பற்றியதாயினும், மிளகைப் பற்றியதாயினும், மக்களைப் பற்றியதாயினும், மேசையில் தமிழகத்துக்கு ஒரு நாற்காலி போடுங்கள் என்கிறோம். அந்தப் பக்கத்தில் மலையகத்துத் தொழிலாளிக்கு ஒரு நாற்காலி போடச் சொல்லுங்கள் என்கிறோம். 1952-ல் அந்த நாற்காலி இருந்திருந்தால், கூடுதல் விலையில் பால் வெட்டுகிறவன் பங்கு என்னவென்று ஒரு குரலாவது கேட்டிருக்கும். 1964-ல் இருந்திருந்தால், ஏழுக்கு நான்கு என்று எழுத வந்த பேனா ஒரு நொடியேனும் நின்றிருக்கும்.

அனுமதி வந்தது. 2022 மே 18-ஆம் நாள் சென்னைத் துறைமுகத்திலிருந்து முதல் கப்பல் கிளம்பிற்று. 9,000 டன் அரிசி, 200 டன் பால் பவுடர், 24 டன் மருந்து. முதலமைச்சர் கொடியசைத்தார், நாம் மகிழ்ந்தோம். டில்லியில் முதன்முதல் கேட்ட நாளிலிருந்து அந்தக் கப்பல் நகர்ந்த நாள்வரை நாட்காட்டியில் எண்ணிப் பார்த்தோம். 48 நாட்கள்.